மில்லிக்கனில் சில நாள் அதிகம் ஆண்ட அரசாங்கம்

முறைப்படி கற்பூரம் கொளுத்தி, அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்க வேண்டும். ஆனால் எங்கள் தொடர்மாடியில் கற்பூரம் கொளுத்தினால் புகைமணி அடிக்கும், புகைமணி அடித்தால் தீயணைப்பு வண்டி வரும். ஒரு தைப்பூசத்தன்று வந்தது. வந்த ஆறடி வெள்ளைக்காரர்களுக்கு ஆளுக்கொரு மோதகம் கொடுத்து அனுப்பினோம். ஆகவே கற்பூரம் இல்லாமல், வெறும் கையை மேசையில் வைத்துச் சொல்கிறேன். கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பல்லெல்லாம் போன பிறகு ஒரு மனிதன் பொய் சொல்லி எதைக் கடிக்கப் போகிறான்?

1994ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. ரொறன்ரோ ஓரத்து மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதியோரத்து பிளாசாவில் இருக்கும் டோனற் கடைக்குள் அமிர்தநாதர் குளிர்த்தொப்பியைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார். இரண்டு பெட்டி டோனற் வாங்கினார். மேசை மேசையாகப் போய்த் தெரிந்தவர், தெரியாதவர், சீனக் கிழவிகள், பஞ்சாபி டாக்ஸிக்காரர் என்று எல்லாருக்கும் ஒவ்வொன்று நீட்டினார். அவருடைய மகன் அகஸ்ரினுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. அந்தச் சந்தோசம் என்றுதான் நினைத்தோம். கடைசியில், யன்னலோரத்தில் என்னோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார். நீக்கிலாப்பிள்ளைதான் பெண்ணின் தகப்பன். பெட்டியில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

“எடும் ஐசே. உம்மட அரசாங்கம் கவிண்டு போச்சு.”

நீக்கிலாப்பிள்ளை டோனற்றைப் பார்த்தார், பிறகு சம்பந்தியைப் பார்த்தார்.

“எப்ப?”

“பத்துப் பன்ரண்டு நாளாச்சு. பார்சல் இண்டைக்குத்தான் வந்தது.”

நீக்கிலாப்பிள்ளை எழும்பினார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, கடை முழுவதும் கேட்க, “உம்மட வீட்டு வாசல்படியில என்ர பிள்ளையின்ர கால் படாது காணும்” என்றார். போய்விட்டார். அந்த டோனற்றை நான்தான் சாப்பிட்டேன். மேலே தேங்காய்ப்பூ தூவியிருந்தது. நடக்காத விஷயத்தில் தேங்காய்ப்பூ இருக்காது.

கவிழ்ந்தது கனடா அரசாங்கம் அல்ல. இலங்கை அரசாங்கமும் அல்ல. அயர்லாந்து அரசாங்கம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே அயர்லாந்திலிருந்து வந்த குருமார் பலர். லத்தீன் படிப்பித்தவர் ஃபாதர் கொனொலி. கணக்குப் படிப்பித்தவர் ஃபாதர் ஹெகாட்டி. 1922இல், பிரித்தானியாவோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று அயர்லாந்தில் அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொண்டார்கள் அல்லவா? மறுத்தவர்களின் வழியில் வந்த கட்சி ஃபியன்னா ஃபோல். ஏற்றவர்களின் வழியில் வந்தது ஃபீன கேல். ஃபாதர் கொனொலியின் தமையன் மறுத்த பக்கம், ஃபாதர் ஹெகாட்டியின் தமையன் ஏற்ற பக்கம். இரண்டு குருமாரும் ஒரே பூசைக் கோப்பையில் குடித்தார்கள், ஆனால் ஒரே மாமரத்தின் கீழ் நிற்கமாட்டார்கள். நீக்கிலாப்பிள்ளை லத்தீன் வகுப்பில் முதல் வாங்கிலில் இருந்தவர். வினைச்சொல் எப்படித் திரியும் என்பதோடு, உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தவன் துரோகி என்பதையும் சேர்த்தே பாடமாக்கினார். அமிர்தநாதர் கணக்கில் புலி. நாட்டை நடத்தத் தெரிந்தவன் கையெழுத்து வைப்பான், தெரியாதவன் கவிதை பாடுவான் என்பது அவருக்குக் கணக்கில் வந்த விடை. நான் சைவப் பொடியன். வேதபாட நேரத்தில் வெளியே விடப்பட்டவன் என்பதால் இரண்டு யன்னலுக்குக் கீழும் நின்று இரண்டு பக்கத்தையும் கேட்டேன். இன்றுவரை நடுநிலைதான்.

பள்ளிக்கூடத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பிள்ளைகள் எங்களை ரொறன்ரோவுக்கு எடுப்பித்ததோடு மறுபடி முளைத்தது. அந்த வருடங்களில் எங்கள் நாட்டு அரசியலை டோனற் கடையில் வாய்விட்டுக் கதைக்க ஏலாது. அடுத்த மேசையில் இருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரிந்தால் இன்னும் மோசம். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் சொல்லித்தான் வெளியே விடுவார்கள்: “அப்பா, வெதரைப் பற்றி மட்டும் கதையுங்கோ.” கதைத்தோம். குளிர் என்று ஒருவர் சொல்வார், ஓம் குளிர்தான் என்று மற்றவர் சொல்வார். முதிர்ந்த யாழ்ப்பாணத்து ஆண்கள் மூன்று பேர் ஒரு மேசையில் இருந்து, எதிலும் பிணக்குப்படாமல் எத்தனை நாளைக்குக் கோப்பி குடிக்கலாம்? அயர்லாந்து எங்களுக்குத் தெய்வமாகப் பார்த்துத் தந்தது. அங்கேயுள்ள ஒரு தலைவரைத் துரோகி என்று மேசையில் அடித்துக் கத்தலாம். கத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போகலாம். மறுநாளும் உயிரோடு வந்து கத்தலாம்.

செய்திக்குக் குறைவில்லை. எனக்குக் கீழ்மாடியில் கின்செல்லா என்றொரு ஐரிஷ்காரர் இருந்தார். லிஃப்ற் திருத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை வாராவாரம் அயர்லாந்துப் பத்திரிகைகளைக் கட்டித் தபாலில் அனுப்புவாள். கின்செல்லா குதிரைப் பந்தயத்தையும் மரண அறிவித்தலையும் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, அரசியல் பக்கங்களைக் கைபடாமல் எங்களிடம் தந்துவிடுவார். கனடாப் பத்திரிகையிலும் மூலையில் நாலு வரி வரும்தான். நீக்கிலாப்பிள்ளை நம்பமாட்டார். “இவங்கள் எழுதுவாங்கள். ஐரிஷ்காரன் எழுதட்டும்.” அதனால்தான் டப்ளினில் விழுந்த அரசாங்கம், பார்சல் வந்து சேரும்வரை, மில்லிக்கனில் மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் நல்லாட்சி நடத்தியது. அந்த நாட்களில் நீக்கிலாப்பிள்ளை கடைக்குள் வரும் நடையே தனி. அமைச்சர் மாதிரி வருவார். கவுன்ரரில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் அவருடைய கோப்பிக்கு மட்டும் இரண்டு சீனி கூடப் போடுவாள், ஆளுங்கட்சி என்று.

அந்த வருடம் மாசியில் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஃபீன கேல் தலைவரை அவருடைய கட்சிக்காரர்களே கூடித் தள்ளி விழுத்தப் பார்த்தார்கள். அமிர்தநாதர் தலைவருக்காக உபவாசம் இருந்தார். ஒரே நாள் உபவாசத்தில் பஸ் தரிப்பில் அவருடைய காற்சட்டை கழன்று விழுந்தது, இதற்குச் சாட்சி பஸ்ஸிலிருந்த நாற்பது பேர். நீக்கிலாப்பிள்ளை விடுவாரா? “உங்கட ஆளை உங்கட ஆக்களே தூக்கி எறியினம். நாங்கள் மினக்கெடத் தேவையில்லை” என்று பங்குனி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தலைவர் எப்படியோ தப்பினார். அமிர்தநாதர் சிரிப்பை மறக்கவில்லை. டோனற் அதற்கான பதில்.

இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு கலியாணம் முளைத்தது என்றால், அது அவர்களுடைய செயல் அல்ல. நீக்கிலாப்பிள்ளையின் மகள் கிளடிஸ் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். அமிர்தநாதரின் மகன் அகஸ்ரின் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் சுப்பவைசர். கோயில் பாட்டுக் குழுவில் இருவருக்கும் பழக்கம். இரண்டு வீடும் சம்மதித்து, தை மாதக் கடைசியில் கலியாணம் என்று குறித்தாயிற்று. வேதக்காரரிடம், அதாவது கத்தோலிக்கரிடம், ஒரு வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையின் நடுவில் சுவாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். ஒருவரும் சொல்வதில்லை. இருமக்கூடப் பயப்படுவார்கள்.

டோனற்றுக்குப் பிறகு நீக்கிலாப்பிள்ளை கலியாணம் இல்லை என்றார். வீட்டில் மனைவி இராஜேஸ்வரி முதலில் பகிடி என்று நினைத்தார். இந்துவாகப் பிறந்து, நீக்கிலாப்பிள்ளையைக் காதலித்து வேதத்துக்கு வந்த மனுசி அவர். அப்படி வந்தவருக்கு, கணவன் ஃபியன்னா ஃபோலுக்கும் வரச்சொல்வான் என்று தெரியாது.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அயர்லாந்து எந்தத் திக்கில கிடக்கெண்டு தெரியுமே உங்களுக்கு?”

“திக்கு முக்கியமில்லை. கொள்கை.”

“அப்ப இனிக் கொள்கையைக் காய்ச்சிக் குடியுங்கோ.”

அங்கே டப்ளினில் என்ன நடந்தது என்றால், ஃபியன்னா ஃபோலுக்குத் தனியே ஆளப் போதிய ஆட்கள் இல்லை, தொழிற்கட்சியைச் சேர்த்துக்கொண்டுதான் ஆண்டது. ஒரு நீதிபதி நியமனத்தில் முறுகல் வந்து, தொழிற்கட்சி வெளியேறியது. பிரதமர் இறங்கினார். மில்லிக்கனிலும் அதேதான். நீக்கிலாப்பிள்ளைக்கும் தனியே ஆளும் வல்லமை இல்லை, அவருக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் இராஜேஸ்வரி ஆதரவை விலக்கிக்கொண்டார். சோறாக்கும் மெசின், மிளகாய்த்தூள் ரின், கிளடிஸ் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு ரூஜில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். அமிர்தநாதர் வீடு அங்கிருந்து அடுத்த தெரு. அன்று பின்னேரமே தங்கை வீட்டு பேஸ்மென்ரில் இரு வீட்டுப் பெண்களும் அமிர்தநாதரும் கூடினார்கள். மண்டபம், சாப்பாடு, கேக், வீடியோக்காரர், எல்லா இலாகாவும் பகிர்ந்தளிக்கப்பட்டன. எந்தத் தேர்தலும் இல்லாமல் புதிய அரசாங்கம். நீக்கிலாப்பிள்ளை தன்னுடைய சொந்த வீட்டில், தன்னுடைய சொந்தக் கதிரையில், எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

ஆனால் புதிய அரசாங்கத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. கிளடிஸ் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகாட்டி நான் கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டன். தட்ஸ் இற். மண்டபத்தைக் கான்சல் பண்ணச் சொல்லுங்கோ.”

“பிள்ளை, அவர் கோபத்தில…”

“அவற்ர கோபம் எனக்குத் தெரியும். அவர் இல்லாம என்னத்துக்கு? ஹீ இஸ் மை அப்பா, இல்லையே?”

அழுதாளா, தடிமனில் மூக்கை உறிஞ்சினாளா என்று சொல்லமுடியாது. ரொறன்ரோக் குளிரில் இரண்டும் ஒரே சத்தம்.

நான் போய்ப் பார்த்தேன். நீக்கிலாப்பிள்ளை பாணும் ரின் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரின் திறக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் சுத்தியலால் திறந்திருந்தார். சுவரெல்லாம் மீன். என்னை இருக்கச் சொல்லவில்லை. இருந்தேன்.

“ஐசே நவரட்ணம், அரசாங்கம் எண்டால் விழும். அது எனக்குத் தெரியாதே? உவன் டோனற் குடுத்திருக்கப்படாது.”

“பிழைதான்.”

“நான் சீவியத்தில எத்தினை பேருக்குப் பின்னால நிண்டனான்? நான் வோட்டுப் போட்ட ஆக்கள், கொடி பிடிச்ச ஆக்கள், கைதட்டின ஆக்கள். எல்லாம் என்னவாப் போச்செண்டு உமக்குத் தெரியும்.” பாணைப் பிய்த்து ரின் மீன் சாற்றில் தோய்த்தார். “நான் நிண்ட பக்கம் கதிரையில இருந்தது இந்த ஒண்டுதான். அதுவும் நாலாயிரம் மைலுக்கு அங்கால. அதுக்கும் டோனற்.”

நான் எங்கள் தொடர்மாடிக்குத் திரும்பினேன். கீழ்மாடிக்குப் போய்க் கின்செல்லாவின் கதவைத் தட்டினேன். ஐரிஷ்காரர் ஒருவர் வந்து சொன்னால் கேட்பார் என்ற எண்ணம். இரண்டு கட்சிக்கும் உண்மையில் என்ன வித்தியாசம், ஒரு கலியாணத்தை நிறுத்தும் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டேன். கின்செல்லா குதிரைப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தார். பிறகு இங்கிலிஷில் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எங்கள் ஊர் ரோட்டில் ஒரு குழி இருந்தது. அவர்கள் ஆண்டபோதும் இருந்தது, இவர்கள் ஆண்டபோதும் இருந்தது. ஒரு கட்சிக்காரர் அது வரலாற்றுக் குழி என்றார்கள். மற்றவர்கள் அது முந்தின அரசாங்கத்தின் குழி என்றார்கள். அதில் விழுந்து என் வண்டியின் அச்சு உடைந்த அன்றைக்குத்தான் நான் கனடாவுக்குக் கப்பல் ஏறினேன்.” சொல்லிவிட்டுக் குதிரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். வந்து சமாதானம் பேசுவீரா என்றேன். நாற்பது வருடமாக ஒரு கலியாண வீட்டிலும் அரசியல் பேசாததால்தான் தான் உயிரோடிருப்பதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டிய மனிதர்.

முதலாம் ஓலையும் இரண்டாம் ஓலையும் நீக்கிலாப்பிள்ளை இல்லாமலே வாசிக்கப்பட்டன. அவர் அந்த ஞாயிறுகளில் வேறு பங்குக் கோயிலுக்குப் போய், மொழி புரியாத இத்தாலியப் பூசை கண்டார். நத்தார்ப் பண்டிகை கழிந்து அந்த வாரப் பார்சல் வந்தது. அதில் பேரிடி. ஃபியன்னா ஃபோலின் புதிய தலைவர்தான் பிரதமர் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்த வேளையில் தொழிற்கட்சி பேச்சை முறித்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்து, மாசியில் விழுத்தப் பார்த்த அந்த ஃபீன கேல் தலைவரையே பிரதமராக்கிவிட்டது. தேர்தலே இல்லாமல். நீக்கிலாப்பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை வாறன். மூண்டாம் ஓலைக்கு.”

“என்னத்துக்கு?”

“தடை தெரிஞ்சவை சொல்லலாம்தானே?”

நான் இதை ரூஜுக்கு அறிவித்தேன். இராஜேஸ்வரி ஒரே வசனத்தில் பதில் அனுப்பினார். மனுசன் கோயிலில் எழும்பினால், தான் பிறகு மில்லிக்கனில் அடுப்பு மூட்டமாட்டார். மிச்சக் காலத்துக்கு.

அந்த ஞாயிறு வெளியே பனி கொட்டியது. கோயில் நிரம்பியிருந்தது. விஷயம் பரவினால் எங்கள் சனம் பனியைப் பார்க்காது. முன் வாங்கிலில் இராஜேஸ்வரியும் கிளடிஸும். மறுபக்கம் அமிர்தநாதரும் அகஸ்ரினும். அகஸ்ரின் பாவம், கழுத்துப்பட்டியை இறுக்கி இறுக்கி முகம் நீலமாகிக்கொண்டிருந்தான். நீக்கிலாப்பிள்ளை நடு வாங்கிலில், நான் அவருக்குப் பக்கத்தில். பிரசங்கம் முடிந்தது. சுவாமியார் ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்று தொடங்கி முடிக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை எழும்பி நின்றார்.

அவர் நிற்கட்டும். நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து, மூன்றே சொல் சொன்னேன்: “இருவத்தேழாம் ஆண்டு, ஐசே.”

அது என்னவென்றால், வேதபாட நேரத்தில் ஃபாதர் கொனொலி கண்ணீரோடு சொன்ன கதை. நான் யன்னலுக்குக் கீழே நின்று கேட்டது. ஃபியன்னா ஃபோலின் முதல் தலைவர், பிரித்தானிய அரசருக்கு விசுவாசம் சொல்லும் சத்தியத்தைச் செய்யாவிட்டால் பாராளுமன்றத்துக்குள் போகமுடியாது என்ற நிலை. செய்தால் துரோகம். 1927இல் அவர் போனார். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே, அங்கே வைத்திருந்த வேதப்புத்தகத்தைத் தூக்கித் தூர வைத்துவிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டார். வெறும் சடங்கு என்றார். உள்ளே போய் இருந்தார். பிற்காலத்தில் நாட்டையும் ஆண்டார். நீக்கிலாப்பிள்ளை இந்தக் கதையை எனக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார், மனித வரலாற்றில் நடந்த மிகச் சிறந்த செயல் என்று.

கிளடிஸ் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன நீக்கிலார்?” என்று சுவாமியார் மேலேயிருந்து மெதுவாகக் கேட்டார். “ஏதும் தடையோ?”

“நான் தடை சொல்லேல்லை சுவாமி. சம்மதமும் சொல்லேல்லை.” நிறுத்தினார். “சும்மா எழும்பி நிக்கிறன்.”

சுவாமியார் காலமறிந்த மனிதர். முப்பது வருடம் யாழ்ப்பாணத்துப் பங்குகளை நடத்தியவர். இரண்டு கையையும் விரித்து, “அப்ப எல்லாரும் எழும்புங்கோ, விசுவாசப் பிரமாணம்” என்றார். கோயில் முழுக்க எழும்பியது. நானும், சைவன், எழும்பினேன். இப்போது நீக்கிலாப்பிள்ளை எழும்பி நின்ற நானூறு பேரில் ஒருவர். இராஜேஸ்வரிக்கு எந்தக் குற்றச்சாட்டும் வைக்க முடியவில்லை. அன்று இரவே மிளகாய்த்தூள் ரின் மில்லிக்கனுக்குத் திரும்பியது.

தை மாதக் கடைசியில் கலியாணம் நடந்தது. நீக்கிலாப்பிள்ளை வெறும் சடங்கு என்ற முறையில் வந்தார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான். தான் எதையும் பார்க்கமாட்டார். பியானோ தொடங்கியது. வெள்ளைச் சேலையும் தலையில் வலையுமாகக் கிளடிஸ், அவள் கையைப் பிடித்தபடி தகப்பன், முகம் மட்டும் முழுதாக இடதுபக்கச் சுவருக்குத் திரும்பியிருந்தது. சிலுவைப்பாதைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பாதிவழியில் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பின்னால் இருந்தவர்களுக்கு அமிர்தநாதர் காதோடு காதாகச் சொன்னது எனக்கும் கேட்டது: “ஒண்டுமில்லை. அயர்லாந்தை நினைச்சு அழுறான்.” சொல்லும்போது அவருக்கும் மூக்கு ஒழுகியது.

பீடத்தடியில்தான் பிசகு நடந்தது. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கவேண்டும். நீக்கிலாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அகஸ்ரின் நின்றது ஓரடி அங்கால். நீட்டிய கை காற்றில் துழாவி, முன்னால் அகப்பட்ட கையை எட்டிப் பிடித்து, மகளின் கையை அதன்மேல் வைத்து அழுத்தியது. அது மகனுக்குப் பக்கத்தில் நின்ற அமிர்தநாதரின் கை. அமிர்தநாதர் அசையவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. பெரிய சாமான் ஒன்றைத் தாங்குவதுபோல் மற்றக் கையையும் அடியில் கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளைக்கு விரல்களில் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும், மாப்பிள்ளையின் கையில் அவ்வளவு எலும்பு இருக்காது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. விடவும் இல்லை. வீடியோக்காரர் கிட்ட வந்து லைற்றைப் பிடித்தார். மூன்று கைகளும் அந்த வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெடுநேரம் இருந்தன. அகஸ்ரின் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

கற்பூரம் கொளுத்தாதது நல்லதுக்குத்தான். அமிர்தநாதருக்குப் பிள்ளைகள் நாலு பேர். நாலும் பெண்கள்.